வாடகை வீட்டு அறம்

சொந்த வீட்டில் பிறந்து, சொந்த வீட்டில் வளர்ந்து, சொந்த வீட்டிலேயே கண்மூடும் பேறு எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்த நம்மனோர்க்கு அது பெரும்பாலும் வாய்ப்பதே இல்லை எனலாம். தலைநகரில் இருபது, முப்பது ஆண்டுகள் வாழ்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். கரோல்பாகில் ஒரு மாடியறை, பின்னர் லோதி காலனியிலோ இராமகிருஷ்ணபுரத்திலோ ஓர் அரசுக் குடியிருப்பு, ஓய்வு பெற்றபின் யமுனைக்கு அப்பால் ஓர் அடுக்கு வீட்டின் மூன்றாம் மாடி என்று அவர்களது வாழ்க்கை வரலாறே பிறர் வீடுகளின் வரிசையாக இருக்கும்.

ஆதலின் வாடகை என்பது நமக்கு வெறும் வரவுசெலவுச் செய்தி அன்று. அது நம் வாழ்க்கை முறை. ஆயினும் அதைப் பற்றி நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. வீட்டு வாடகை உயர்ந்ததா தாழ்ந்ததா என்று பேசுகிறோம். வாடகை எதை வாங்குகிறது, எதை வாங்குவதில்லை என்று கேட்பதில்லை. ஒரு பொருளுக்குக் கூலி கொடுத்து அதைச் சில காலம் துய்ப்பவன், அப்பொருளிடத்து எவ்வளவு உரிமை உடையவன்? எவ்வளவு கடமை உடையவன்? இக்கேள்வியை ஆராயப் பெருநகர வாழ்க்கையைக் காட்டிலும் ஒரு சிறு எடுத்துக்காட்டே ஏற்றது. சில வாரங்கள் ஒரு மலையேரிக் கரையில் வாடகை வீடு பிடித்துத் தங்கும் குடும்பத்தின் கோடை வாழ்க்கையை அத்தகைய எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

ஏரிக்கரை இல்லம்

தில்லியின் மே மாத வெயிலை அன்பர்களுக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. 'லூ' என்னும் அனற்காற்று வீசத் தொடங்கியதும் மலையை நாடுவது இந்நகரத்தாரின் நெடுநாள் வழக்கம். ஆங்கிலேயர் ஆட்சியில், 1864 முதல், சிம்லா கோடைக்காலத் தலைநகராக விளங்கியது. வைசிராயோடு கோப்புகளும், கோப்புகளோடு எழுத்தர்களும் மலையேறினர். அன்று எழுத்தனுக்குக் கோடைவாசம் என்பது மேலிடத்து ஆணை. இன்றோ அது அவன் பல மாதம் சிறுகச் சிறுகச் சேர்த்துப் பெறும் இன்பம். விடுமுறைப் பயணச் சலுகையில் வண்டிக் கட்டணம் கிடைக்கும். தங்கும் செலவு நம் பையைச் சேர்ந்தது.

சொந்த ஊருக்குச் செல்லாத ஒரு கோடையில் நாம் குடும்பத்துடன் மூன்று வாரம் தங்கியது பீம்தால் ஏரிக்கரையில். பழைய தில்லி நிலையத்தில் இரவு இராணிகேத் விரைவு வண்டியில் ஏறினால், விடியும் வேளையில் அது மலையடிவாரத்துக் காத்கோதாமில் இறக்கிவிடும். அங்கிருந்து இருபது கிலோமீட்டர் அளவில் மலைப்பாதை. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,370 மீட்டர் உயரத்தில், ஓக் மரங்களும் பைன் மரங்களும் சூழ்ந்த சரிவுகளுக்கு நடுவே கிடக்கிறது அந்த ஏரி. இடையில் ஒரு சிறு தீவு. ஒரு கோடியில் பீமேசுவரர் கோயில். அதனருகே 1883இல் கட்டப்பட்ட அணைக்கட்டு. அந்த அணையிலிருந்து விடும் நீர் கீழே ஹல்த்வானிப் பக்கத்து வயல்களுக்குப் பயன்படுகிறது. படகில் போவோர்க்கு வேடிக்கையாகத் தோன்றும் ஏரி, கீழே வாழும் உழவர்க்கு வாழ்வாதாரம் என்பதைக் கருத வேண்டும்.

நாம் பிடித்த வீட்டில் இரண்டு அறை, ஒரு சமையற்கட்டு, ஏரியை நோக்கிய மரத் தாழ்வாரம் ஒன்று. வாடகை பேசும்போது 'முழு வீடும் உங்களுக்கே' என்று சொல்லப்பட்டது. அச்சொல்லின் முழுப் பொருள் அங்கே சென்ற பின்னரே விளங்கிற்று. வீட்டுக்காரர் தம் குடும்பத்தோடு பின்புறத்தில், மாட்டுக் கொட்டிலை ஒட்டிய தகரக் கூரையறைக்குக் குடிபோயிருந்தார். மே நடுவிலிருந்து ஜூன் இறுதிவரை ஆண்டுதோறும் இதுதான் அவர்கள் வழக்கமாம். அந்த ஆறு வார வருவாயில்தான் மகளின் கல்லூரிக் கட்டணமும் மழைக்காலத்துக்கு முன் செய்ய வேண்டிய கூரைப் பழுதும் அடங்க வேண்டும்.

முன்னறைச் சுவரில் அவர்களது குலதெய்வத்தின் மாடம் இருந்தது. அதற்கு விளக்கேற்ற வீட்டுக்காரரின் முதிய அன்னையார் மாலைதோறும் வருவார். கதவு திறந்தே இருந்தாலும், உள்ளே வரச் சொல்லும் வரை படிக்குக் கீழே நிற்பார். அவரைக் குமாவுன் மொழியில் 'ஆமா' என்று அழைப்பர். பாட்டி என்பது அதன் பொருள். தமிழ்க் காதுக்கு 'ஆம்' என்பது போல் ஒலிக்கும் அப்பெயரைச் சொல்லிச் சொல்லி நம் குழந்தைகள் சிரிப்பார்கள். ஆனால் தம் வீட்டுத் தெய்வத்தைத் தொழ, வெளியூரிலிருந்து வந்தவர்களின் இசைவை எதிர்நோக்கி ஒரு மூதாட்டி நிற்பது சிரிப்புக்குரிய செய்தி அன்று. நாம் கொடுத்த பணம் அவரைப் படிக்குக் கீழே நிறுத்தியிருந்தது. அந்தப் பணத்திற்கு அத்தகைய ஆற்றல் இருக்கத் தகுமா என்பதே நம் முன் உள்ள கேள்வியின் ஒரு பாதி.

மறுபாதியை எழுப்பியவன் எட்டாம் வகுப்பில் படிக்கும் நம் மகன். ஏரிக்கரை ஊராயினும் கோடையில் குழாய் நீர் காலையிலும் மாலையிலும் சிறிது நேரமே வந்தது. குளிக்க ஆளுக்கு ஒரு வாளி நீர் போதும் என்று வைத்துக்கொள்ள வேண்டும். சோப்பு நீரையும் எண்ணெய்ப் பசையையும் ஏரிப் பக்கத்து வடிகாலில் விடாமல் பின்புறத்துக் குழியில் ஊற்ற வேண்டும். இவ்விரண்டே வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டவை. "நாம்தான் வாடகை கொடுத்துவிட்டோமே அப்பா, பிறகு அவர் ஏன் அளவு சொல்ல வேண்டும்?" என்றான் மகன். இளைஞன் கேட்ட கேள்வி என்று இதனைத் தள்ளிவிட முடியாது. அடுத்த வீட்டில் தங்கிய பெரியவர்கள் இதையே கேள்வியாகக் கேட்காமல் கொள்கையாகவே நடத்திக் காட்டினர். உண்ட தாள் தட்டுகளையும் வெற்றுப் புட்டிகளையும் அவர்கள் தாழ்வாரத்திலிருந்தே நீரில் வீசினர். தோட்டக்காரர் தடுத்தபோது, "பணம் கொடுத்திருக்கிறோம்" என்ற ஒரே விடையால் அவர் வாயை அடைத்தனர்.

சட்டமும் அதன் எல்லையும்

வாடகைக்காரனின் கடமையைப் பற்றிச் சட்டம் பேசாமல் இல்லை. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 108ஆம் பிரிவில், குடியிருப்பவனின் உரிமைகளையும் பொறுப்புகளையும் வரிசைப்படுத்துகிறது. பெற்ற நிலையில் பொருளைப் பேணி, காலம் முடிந்தபோது அந்நிலையிலேயே திருப்பித் தர வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. பயன்பாட்டால் இயல்பாக நேரும் தேய்மானத்தையும் மனிதர் தடுக்கவியலாத பேரிடரையும் மட்டும் அது விலக்காகக் கொள்கிறது. நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பழமை உடைய இவ்விதியில் ஓர் அழகிய நேர்மை இருக்கிறது. துய்த்தலை அது மறுக்கவில்லை, அழித்தலை மறுக்கிறது.

அரசுக் குடியிருப்பில் வாழ்வோர்க்கு இக்கருத்து இன்னும் நன்கு பழக்கமானது. அங்கே மாதந்தோறும் சம்பளத்தில் பிடிக்கப்படும் தொகைக்கு வாடகை என்ற பெயர்கூட இல்லை. அலுவலகத் தாள்களில் அது 'லைசென்ஸ் கட்டணம்' என்றே குறிக்கப்படும். இருக்க இசைவு உண்டு. இடத்தின்மீது உரிமை ஏதும் இல்லை என்பது அதன் குறிப்பு. குடிபுகும்போது மின்விசிறி எத்தனை, குழாய் எத்தனை என்று பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். விட்டுச் செல்லும்போது அப்பட்டியலை வைத்துச் சரிபார்ப்பார்கள்.

ஆனால் சட்டத்தின் பார்வை சுவரோடு நின்றுவிடுகிறது. மின்விசிறிக்குப் பட்டியல் உண்டு. ஏரிக்குப் பட்டியல் இல்லை. உடைந்த கண்ணாடிக்கு வீட்டுக்காரர் ஈடு கேட்கலாம்; படிக்குக் கீழே நின்ற மூதாட்டியின் தயக்கத்திற்கு ஈடு கேட்கும் வழக்குமன்றம் எங்கே இருக்கிறது? வாடகை ஒப்பந்தம் இருவருக்கு இடையில் நிகழ்வது. அவ்விருவரையும் சூழ்ந்து நின்று அந்த வாழ்க்கையை இயல்விக்கும் பிறவற்றைப் பற்றி அது வாய் திறப்பதில்லை.

நம் மகனுக்கு அன்று சொன்ன விடை இதுவே: வாடகை வீட்டுக்காரருக்குப் போயிற்று; ஏரிக்கு அதில் ஒரு காசும் போகவில்லை. நாம் அங்கே துய்த்தவற்றை எண்ணிப் பார்த்தால் இவ்வுண்மை விளங்கும். தாழ்வாரத்தில் வீசிய குளிர் காற்று வீட்டுக்காரர் செய்த பொருள் அன்று. குடித்த நீரைச் சரிவிலுள்ள காடுகள் மழைக்காலத்தில் வாங்கி, மண்ணுக்குள் தேக்கி, கோடையில் சிறுகச் சிறுக ஊற்றுகளில் விட்டன. குமாவுன் சிற்றூர்களில் அவ்வூற்றுகளைச் சுற்றிக் கல்லடுக்கி, மேலே கூரையிட்டு, 'நௌலா' என்று பெயரிட்டுக் கோயிலைப் போல் போற்றி வந்தவர்கள் பெயர் தெரியாத முன்னோர். வாடகை பெற்றவர் ஒருவர், கொடுத்தவர் பலர். ஒருவருக்குப் பணம் தந்துவிட்டுப் பலருக்கும் கடன் தீர்ந்ததாக எண்ணுவதே 'பணம் கொடுத்திருக்கிறோம்' என்னும் சொல்லில் உள்ள பிழை.

உடைமையின் வேர்

இங்கே ஒரு தடை எழலாம். 'வாடகைக்காரன் உரிமையற்றவன் என்றால், வீட்டின் சொந்தக்காரன் மட்டும் முழு உரிமை உடையவனோ? நிலமும் நீரும் அவனுக்கு எங்கிருந்து வந்தன?' என்று கேட்கலாம். தக்க கேள்வியே. இதற்கு விடை தேட நெடுந்தொலைவு போக வேண்டுவதில்லை. பீம்தாலிலிருந்து மலைப்பாதையில் ஏறத்தாழ இருபது கிலோமீட்டரில் நைனிதால் இருக்கிறது. அந்நகரின் பிறப்பு வரலாறே உடைமை என்பதற்கு ஒரு பாடம்.

சாஜஹான்பூரில் சர்க்கரை வணிகம் செய்த பாரன் என்னும் ஆங்கிலேயர் 1839இல் நைனிதால் ஏரியைக் கண்டு மயங்கினார். மலைமக்களுக்கு அது நைனா தேவியின் புனித நீர்நிலை. அவ்விடத்தின் உரிமையைத் தமதென்று கூறிவந்தவர் நர்சிங் என்னும் ஊர்த் தலைவர். ஏரியில் முதன்முதலாகப் படகு விட்ட பாரன், நர்சிங்கை அதில் ஏற்றி நடு ஏரிக்குக் கொண்டு சென்று, உரிமையை எழுதிக் கொடுக்காவிட்டால் நீரில் தள்ளிவிடுவதாக மிரட்டிக் கையெழுத்து வாங்கினார் என்று குமாவுன் வரலாற்றை எழுதியோர் குறிக்கின்றனர். உரிமையை இழந்தவருக்குப் பின்னர்ச் சிறு சம்பளத்தில் பட்வாரி வேலை கிடைத்ததாம். பெருமையாகப் பேசப்படும் பத்திரங்கள் பலவற்றின் வேரைத் தோண்டினால் இத்தகைய படகுப் பயணம் ஒன்று கிடைக்கக்கூடும்.

வாங்கியவர்களை அந்த மலை பொறுத்துக்கொள்ளவும் இல்லை. சரிவுகளில் விரைந்து வீடுகள் எழுந்தன. 1880ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள், தொடர்மழைக்குப் பின் சரிவு பெயர்ந்து விழுந்து 151 பேர் மாண்டனர். விடுதி விருந்தினர், காவலர், வேலையாட்கள் எனும் வேறுபாட்டை மண் பார்க்கவில்லை. அதன்பின்தான் மழைநீரைச் சரிவிலிருந்து ஒழுங்காக இறக்க வடிகால்கள் வலைபோல் அமைக்கப்பட்டன. அவை ஏரியில் வந்து சேர்கின்றன. அதனால் மலைமேல் எவர் எறியும் குப்பையும் ஏரிக்கே வரும். அந்நகரத்தாரின் குடிநீரோ ஏரிக்கரைக் கிணறுகளிலிருந்து எடுக்கப்படுகிறது. கழிவு மிகுந்து ஏரியின் அடிநீரில் உயிர்க்காற்றுக் குறைந்ததால், 2007 முதல் குழாய்கள் வழியே காற்றைச் செலுத்தி அதனை வாழ்விக்க வேண்டியதாயிற்று. 2017ஆம் ஆண்டுக் கோடையில் நீர் வெகுவாகத் தாழ்ந்து கரையோரங்களில் சேற்றுத் திட்டுகள் வெளிப்பட்டன. சொந்தக்காரர் பலர் இருந்தும் ஏரிக்கு இந்நிலை வந்தது. ஆகவே உடைமை ஒன்றே காவலாகாது என்பது தெளிவு.

ஏரி வாரியத்தார் விதி

நம் முன்னோர் இதனை வேறு வகையில் எண்ணினர். காஞ்சிக்கு அருகே உத்திரமேரூர்க் கோயில் சுவரில், முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919லும் 921லும் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விளக்குவதால் உலகப் புகழ் பெற்றவை. அவற்றில் ஏரி வாரியம் என்ற ஒரு குழுவும் வருகிறது. அறுவர் கொண்ட அக்குழுவின் காலம் 360 நாள். அது முடிந்ததும் பொறுப்பைப் பிறரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். அண்மையில் பதவி வகித்தவர் மீண்டும் உடனே வர இயலாது. முன்பு பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் தகுதி இழப்பர். ஏரி எவர்க்கும் உடைமை அன்று. முறைவைத்துப் பேணப்படும் பொறுப்பு என்பதே இவ்வமைப்பின் உட்பொருள். அலுவலகத்தில் கோப்பை ஒப்படைக்கும்போது கணக்கும் சேர்த்து ஒப்படைக்கும் நமக்கு இவ்விதி மிக நெருக்கமானது.

ஆயினும் அதே கல்வெட்டில் நம்மை நெருடும் விதி ஒன்றும் உண்டு. வாரியத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட வேண்டுமானால் வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீட்டில் வாழவும் வேண்டும். வேதம் கற்றவர்க்கு நிலத்தின் அளவில் சலுகை காட்டினார்கள். சொந்த வீட்டு விதி அப்படியே நின்றது. அதாவது நம்மைப் போன்ற வாடகைக்காரர் எவரும் அங்கே ஏரியைக் காக்கத் தகுதி பெற்றிரார். ஊரில் வேர் உள்ளவனே ஊரின் பொதுப்பொருளைக் காப்பான் என்று அவர்கள் நம்பினர்.

அந்நம்பிக்கை அக்காலத்திற்குப் பொருந்தியது. அன்று சொந்தக்காரனே குடியிருந்தான். குடியிருந்தவனே அந்நீரைக் குடித்தான். இன்று அவ்விணைப்பு அறுந்துவிட்டது. மலைச்சரிவுகளில் நாம் கண்ட புதிய மாளிகைகள் பலவற்றின் உரிமையாளர் தில்லியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வாழ்கின்றனர். ஆண்டில் பத்து நாள்கூட அங்கே தங்குவதில்லை. உரிமை ஓரிடத்திலும் வாழ்க்கை ஓரிடத்திலும் என்று பிரிந்துவிட்ட இக்காலத்தில், பழைய விதியை அப்படியே கொண்டால் ஏரிக்குக் காவலரே இல்லாமற் போவர். ஆதலின் பொறுப்பு உடைமையை விட்டு இருப்பைப் பற்ற வேண்டும். எவன் இன்று அங்கே இருக்கிறானோ, எவன் இன்று அந்நீரைக் குடிக்கிறானோ, அவனே இன்றைய வாரியத்தான். அவனுக்குரிய 360 நாள் மூன்று வாரமாகவும் இருக்கலாம், முப்பது ஆண்டாகவும் இருக்கலாம்.

நிலையாமை கூறும் பாடம்

நிலையாமையைப் பாடிய வள்ளுவர், உடம்பில் உயிர் தங்கியிருப்பதை ஒதுக்குக் குடியிருப்பாகக் கண்டார். துச்சில் என்பது அவர் ஆண்ட சொல். பிறர் இல்லத்தில் ஒரு மூலையில் ஒண்டியிருத்தல் என்பது அதன் பொருள். அவ்வாறாயின் பட்டாவைப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பவனும் ஒருவகையில் வாடகைக்காரனே. அவனுடைய காலம் சற்று நீண்டது, அவ்வளவே வேற்றுமை.

இக்கருத்து நம்மிடையே பலராலும் பேசப்படுவது. ஆனால் இதிலிருந்து இருவேறு முடிவுகள் பிறக்கக்கூடும் என்பதை நாம் கருதுவதில்லை. 'எதுவும் நமக்கு நிலையில்லை. ஆகவே எதற்கு இத்தனை கவலை?' என்பது ஒரு முடிவு. 'எதுவும் நமக்கு நிலையில்லை. ஆகவே பின்னால் வருபவனுக்குக் கெடாமல் தர வேண்டும்' என்பது மற்றொன்று. முதல் முடிவு துறவு போலத் தோற்றம் தரினும், அதன் உள்ளே இருப்பது சோம்பலும் தன்னலமும். மெய்யான துறவி தனக்கென ஒன்றையும் வைத்துக்கொள்ளாதவன். பிறருடைய பொருளை அழியவிடுபவன் அல்லன். தன் பொருளைப் பேணுவதில் அறம் இருக்கலாம். ஆயினும் அதில் ஆசையும் கலந்திருக்கும். தனக்கு ஒரு நாளும் உரிமையாகப் போவதில்லை என்று தெரிந்த பொருளைப் பேணும்போதுதான், பேணுதல் ஆசையிலிருந்து பிரிந்து தூய அறமாக நிற்கிறது. இவ்வகையில் அறத்தைப் பழக வாடகை வீட்டைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் இல்லை எனலாம்.

வாயிற்படிக் கோலம்

இது நூலறிவாக மட்டும் நிற்பதா, வாழ்க்கையில் கைகூடுவதா என்ற ஐயம் வேண்டா. நம் பெண்மக்கள் இதை நெடுங்காலமாகச் செய்து வருகின்றனர். ஏரிக்கரை வீட்டில் குடிபுகுந்த மறுநாட் காலையிலேயே நம் துணைவியார் வாயிற்படியைக் கழுவிக் கோலமிட்டார். மூன்று வாரமே தங்கப் போகும் வீடு, அதுவும் பிறர் வீடு என்ற எண்ணம் அவர் கையைத் தடுக்கவில்லை. அன்று மாலை விளக்கேற்ற வந்த மூதாட்டியார் அதைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். குமாவுனிலும் செம்மண் பூசிய தரையில் அரிசி மாக்குழம்பால் கோலமிடும் வழக்கம் உண்டு; அதை 'ஐபண்' என்பர். மறுநாள் அவரே காவிமண்ணும் அரைத்த அரிசியும் கொண்டு வந்தார். நடுப்படியில் நம் புள்ளிக் கோலமும் அதன் இருபுறமும் அவர்தம் ஐபணும் அமைந்தன. அதன்பின் அவர் படிக்குக் கீழே நின்று இசைவுக்குக் காத்திருந்ததில்லை. விளக்கு வேளையில் நேரே உள்ளே வருவார். நம் அன்னையார் திரியை எடுத்துக் கொடுப்பார். ஒருவர்க்குக் குமாவுனி, ஒருவர்க்குத் தமிழ். இடையே உடைந்த இந்தி. அவ்வளவில் அவர்கள் உரையாடல் குறைவின்றி நடந்தது.

வாடகைப் பணம் பிரித்து வைத்ததை இச்சிறு செயல் சேர்த்து வைத்தது. வீட்டின் சொந்தக்காரர் யார், குடியிருப்பவர் யார் என்னும் வேறுபாடு மறைந்துவிடவில்லை. மறைய வேண்டியதும் இல்லை. வீட்டை மதிப்பவர் இருவர் ஆயினர். அதுவே நிகழ்ந்த மாற்றம். கோலம் என்பதே காலையில் இட்டு மாலைக்குள் மிதிபட்டு அழிவது. நிலைக்காது என்று தெரிந்தே நாள்தோறும் அக்கறையோடு இடப்படுவது. ஒன்று நமக்கு எவ்வளவு காலம் இருக்கும் என்பதைக் கொண்டு, அதற்கு எவ்வளவு அக்கறை காட்டலாம் என்று கணக்கிடுவது பொருந்தாது என்பதற்கு அதனினும் எளிய சான்று வேண்டுமோ?

தலைநகரில் நாம்

ஏரிக்கரையை விட்டு இனி நம் அன்றாட வாழ்க்கைக்கு வருவோம். 'இது நம் ஊர் இல்லை' என்னும் சொல் நம்மிடையே அடிக்கடி கேட்கப்படுவது. வீட்டு நினைவின் ஏக்கமாக அதைச் சொல்பவர் உளர்; அவர்களைக் குறை கூற இயலாது. ஆனால் படிக்கட்டு ஒழுங்கற்றுக் கிடக்கும்போதும், பூங்காக் குழாய் உடைந்து நீர் ஓடும்போதும், குடியிருப்போர் கூட்டத்திற்கு அழைப்பு வரும்போதும் அதே சொல் ஒரு விலக்குச் சீட்டாகப் பயன்படுகிறது. ஊருக்குப் போய்விடுவோம் என்று முப்பது ஆண்டு சொல்லிக்கொண்டே, இருந்த இடத்தில் இல்லாதவர்களாகவும் போகப்போகும் இடத்தில் இன்னும் சேராதவர்களாகவும் வாழ்ந்துவிடும் துன்பம் புலம்பெயர்ந்தோர்க்கே உரியது. நம் பிள்ளைகளோ இங்கேயே பிறந்தவர்கள். 'நம் ஊர் இல்லை' என்ற சொல்லைக் கேட்டே வளரும் பிள்ளைக்கு எந்த ஊர்தான் தன் ஊராகத் தோன்றும்?

ஏரியை நாம் விட்டு வந்திருக்கலாம். ஏரியின் கேள்வி நம்மை விட்டுவிடவில்லை. தில்லியில் நாம் குடிக்கும் நீர் யமுனையிலிருந்தும் கங்கைக் கால்வாயிலிருந்தும் வருவது. அவ்விரு ஆறுகளும் பிறப்பது குமாவுனுக்கு மேற்கே உள்ள கட்வால் மலைகளில். தண்ணீர்க் கட்டணம் செலுத்திய சீட்டு நம்மிடம் இருக்கிறது. மலைக்கும் ஆற்றுக்கும் கட்டிய கட்டணச் சீட்டு எவரிடத்தும் இல்லை.

நல்வழியில் நடந்தவர்களும் நம்மிடையே பலர். பழைய அரசுக் குடியிருப்புகளின் பின்முற்றத்தில் ஒரு கறிவேப்பிலைச் செடியோ முருங்கை மரமோ நிற்பதைக் கண்டால், அங்கே ஒரு காலத்தில் தமிழ்க் குடும்பம் ஒன்று வாழ்ந்தது என்று தயங்காமல் சொல்லலாம். மாற்றல் ஆணை எந்நாளும் வரக்கூடும் என்று தெரிந்தே நட்டார்கள். நட்டவர் சென்னைக்கோ ஐதராபாத்துக்கோ போய்விட்டார். அடுத்து வந்த பஞ்சாபிக் குடும்பமும் அதற்கடுத்து வந்த வங்காளிக் குடும்பமும் அதன் இலையைப் பறித்தன. ஒப்படைப்புப் பட்டியலில் அம்மரம் எழுதப்பட்டதில்லை. ஆனால் அந்த வீட்டை விட்டுச் சென்றவர்கள் பெற்றதினும் மிகுதியாகத் திருப்பித் தந்தவர்கள் அவர்களே.

2018ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் முதலிய பழைய குடியிருப்புகளை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டத்திற்காக ஆயிரக்கணக்கான மரங்கள் வெட்டப்படவிருந்தபோது, மக்கள் தெருவில் திரண்டு மரங்களைத் தழுவி நின்றனர். தில்லி உயர்நீதிமன்றம் வெட்டுவதற்கு இடைக்காலத் தடை விதித்தது. தழுவி நின்றவர்களுள் எவர்க்கும் அம்மரங்கள் சொந்தமல்ல. நிழலில் சில காலம் நடந்தவர்கள் என்பதைத் தவிர வேறு பாத்தியதை அவர்களுக்கு இல்லை. அந்தப் பாத்தியதை போதும் என்று அவர்கள் கருதினர், அதுவே சரி.

ஆக, முதலில் எழுப்பிய கேள்விக்கு விடையைத் தொகுத்துக் கூறலாம். வாடகை சில நாள் இருப்பையும் அமைதியான துய்ப்பையும் வாங்குகிறது. அந்த நாள்களில் அங்குள்ளவர்களின் மதிப்பை அது வாங்குவதில்லை. நீரையும் காற்றையும் வாங்குவதில்லை. பின்னால் வருபவனின் பங்கை வாங்குவதில்லை. இவற்றுக்கெல்லாம் நாம் கடன்பட்டே இருக்கிறோம். அக்கடனைப் பணத்தால் தீர்க்க முடியாது, நடத்தையால் தீர்க்கலாம். ஒரு வாளி நீரில் குளிப்பதும், கழிவை ஏரிப்பக்கம் விடாமல் பின்புறக் குழியில் ஊற்றுவதும், பிறர் வீட்டுத் தெய்வத்திற்கு வழிவிட்டு நிற்பதும் சிறு செயல்களே. ஆனால் ஒரு வீட்டில் தங்கிச் சென்றவர்கள் எத்தகையவர் என்பதை அடுத்து வருபவர்க்குச் சொல்பவை இவையே.

இச்சங்கத்தின் குடும்பங்கள் ஒவ்வொன்றும் நாடெங்கும் எத்தனையோ வாடகை வீடுகளில் வாழ்ந்திருக்கின்றன, இனியும் வாழும். தமிழர் வாழ்ந்து சென்ற வீடு என்றால் அது குடிபுகுந்த நாளினும் சற்று நன்றாகவே இருக்கும் என்று எந்த ஊரிலும் எந்த வீட்டுக்காரரும் சொல்லும் நிலையை நாம் உண்டாக்க வேண்டும். மொழியின் பெருமையை மேடையில் பேசுவது நன்று. அதைப் பிறர் வீட்டு வாயிற்படியில் காட்டுவது அதனினும் நன்று.